முப்பது எண்ணும் நேரம்

எறணாகுளத்து ஆசுபத்திரியில் குழந்தைகளுக்கு எக்சர்சைஸ் சொல்லிக்கொடுக்கும் அறையின் சுவரில் மலையாளத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். காலை எப்படிப் பிடிக்க வேண்டும், எத்தனை முறை, என்ன செய்யக்கூடாது என்பதெல்லாம் அதில் உண்டு. வாத்துருத்தியிலிருந்தும் மட்டாஞ்சேரியிலிருந்தும் வரும் தமிழ்த் தாய்மார் அதன் கீழே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வாசிக்கத் தெரியாது. நானும் நாலு வருஷம் அப்படி உட்கார்ந்தவள்தான்.

போன மாதம் அங்கே எக்சர்சைஸ் சொல்லித்தரும் ஷைலா மேடம் என்னிடம், "செண்பகம், நீ வாய் திறந்து சம்சாரிக்க மாட்டே. எழுதவாவது செய். தமிழில் எழுதினால் மதி, அது போதும்" என்றார். தென்காசிப் பக்கம் பத்தாம் வகுப்புவரை படித்தவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு அம்மாவுக்குக் கடிதம் போட்டதைத் தவிர ஒன்றும் எழுதியதில்லை. ஆனாலும் நான் செய்த தப்பை இன்னொரு தாய் செய்ய வேண்டாம் என்பதால் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் முத்தையா கார்ப்பரேஷனில் ஓடை வாரும் வேலை பார்க்கிறார். மட்டாஞ்சேரியிலேயே பிறந்தவர். நான் ஜூ டவுனில் ஒரு மிளகுக் கிட்டங்கியில் காலிச் சாக்குகள் பார்க்கும் வேலைக்குப் போனேன். கிழிந்ததைக் கோணியூசியால் தைக்க வேண்டும், நல்லதை அடுக்கி எண்ணிக் கட்ட வேண்டும். கோமதி எங்களுக்கு ஒரே மகள்.

அவள் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். ஒரு மாதத்துக்கு மேல் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். பிழைத்து வீட்டுக்கு வந்ததே பெரிது என்று இருந்ததால், ஆறு மாதத்தில் கவிழவில்லை, ஒன்பது மாதத்தில் உட்காரவில்லை என்பதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குளிப்பாட்டும்போதுதான் எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் மற்றக் குழந்தைகள் காலை உதைக்கும். இவள் கால்கள் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். பாதம் கீழே குத்திட்டு நிற்கும். பிரித்துச் சோப்புப் போடுவதற்குள் எனக்கு வியர்த்துவிடும்.

ஒன்றரை வயதில் எறணாகுளத்துக்குக் கொண்டுபோனோம். தலையை ஸ்கேன் எடுத்தார்கள், கண்ணையும் காதையும் சோதித்தார்கள். மூன்றாவது தடவை போனபோது டாக்டர் 'செரிபிரல் பால்சி' என்றார். தமிழில் மூளைவாதம் என்பார்கள் என்றும் அவரே சொன்னார். வாதம் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு எண்ணெயும் பத்தியமும்தான் நினைவுக்கு வந்தன. அதனால் முதல் ஒரு வருஷம் யார் யார் சொன்ன எண்ணெயையோ தேய்த்துக் கழித்தேன். தேய்த்தால் குழந்தை சுகமாகத் தூங்குவாள், கால் மட்டும் அப்படியே இருக்கும்.

அது என்னவென்று எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். பிறக்கிற சமயத்தில், அல்லது அதற்கு முன்னும் பின்னும், மூளையில் ஒரு சிறு இடம் காயப்பட்டுப்போகிறது. அந்தக் காயம் பெருகாது, பிறருக்கு ஒட்டாது, யார் செய்த பாவமும் இல்லை. காலில் கோளாறு கிடையாது. இறுகு, தளர் என்று காலுக்குச் சொல்லுகிற இடத்தில்தான் கோளாறு. 'இறுகு' என்பது மட்டும் ஓயாமல் போய்க்கொண்டிருக்கும், 'தளர்' என்பது போய்ச் சேராது. கோமதிக்குக் கையில் குறைவு, காலில் அதிகம், நாக்கிலும் கொஞ்சம். அதனால் அவள் பேசினால் ஒவ்வொரு சொல்லும் படியேறி வருவதுபோல் வரும். புத்தியில் ஒரு குறையும் இல்லை.

காயம் பெருகாவிட்டாலும் கால் கெடும். எலும்பு வயதுக்கேற்ப நீளும், எப்போதும் இறுகியிருக்கிற தசை அதனோடு சேர்ந்து நீளாது. குதிகாலைக் கெண்டைச் சதையோடு கட்டியிருக்கிற தசைநாண் குட்டையாகி, குதிகாலை மேலே தூக்கிவிடும். பிறகு நுனிக்காலில்தான் நிற்க முடியும். இதற்கு மாத்திரையில் தீர்வு இல்லை. அந்தத் தசையை நாள் தவறாமல் இழுத்து நீட்டிப் பிடிக்க வேண்டும். எதிர்ப்பக்கத்துத் தசைகளுக்கு வலு ஏற்ற வேண்டும். மூன்று வயதில் அதற்காகத்தான் எங்களை ஷைலா மேடத்திடம் அனுப்பினார்கள்.

அந்த அறையில் இரண்டு பாய், ஒரு திரை, எப்போதும் இருபது பேர். மேடம் கோமதியைப் படுக்கவைத்து, முழங்காலை மடங்காமல் ஒரு கையால் அழுத்தி, குதிகாலை மற்றக் கையின் உள்ளங்கையில் ஏந்தி, அதே கையின் முன்கையால் பாதத்தை மெல்ல மேலே தள்ளினார்.

"இங்ஙனே பிடிச்சு முப்பது வரை எண்ணணும். ஒரு காலுக்குப் பத்து தடவை, ராவிலேயும் வைகிட்டும். மனசிலாயோ?"

"மனசிலாச்சு. காலையிலயும் சாயங்காலமும்."

"எங்கில் நீ ஒண்ணு செய்து காணிக்கு."

நான் சுற்றிப் பார்த்தேன். ஆண்களும் உட்கார்ந்திருந்தார்கள். பாயில் குனிந்து காலைப் பிடிக்கக் கூச்சமாக இருந்தது. "வீட்டுல செய்யுறேன் மேடம்" என்றேன். அடுத்த குழந்தை அழுதுகொண்டிருந்தது. அவர் அங்கே போய்விட்டார். பிறகு ஒவ்வொரு மாதமும் போனேன். ஒவ்வொரு மாதமும் 'வீட்டுல செய்யுறேன்' என்றே சொன்னேன். செய்யவும் செய்தேன். காய்ச்சல் நாளிலும் தீபாவளியன்றும்கூட விட்டதில்லை.

கிட்டங்கியில் என்னோடு சாக்குத் தைத்த பெண்கள் ஒரு காரியம் செய்தார்கள். கால் விரிந்து உட்காருவதற்கு உருண்டையான திண்டு வேண்டும் என்று மேடம் சொல்லியிருந்தார். கடையில் விற்பது எங்களுக்கு எட்டாது. இவர்கள் இரண்டு நல்ல சாக்கை ஒட்டித் தைத்து, உள்ளே தேங்காய்த் தும்பு திணித்து, குத்தாமலிருக்க மேலே பழைய சேலை சுற்றிக் கொடுத்தார்கள். கோமதி அதன்மேல் குதிரை ஏறுவதுபோல் உட்காருவாள். மழைக்காலத்தில் அதிலிருந்து மிளகு வாசனை வரும், தும்முவாள். அதிலிருந்து எழுந்து நிற்பதும் உட்காருவதும்தான் தொடைக்கு வலு தருகிற எக்சர்சைஸ். அதை அவளே விளையாட்டாகச் செய்தாள்.

நின்றாள். சுவரைப் பிடித்து நடக்கவும் செய்தாள். ஆனால் நுனிக்காலில். ஐந்து வயதில் குதிகாலுக்கும் தரைக்கும் நடுவே என் ஒரு விரல் போயிற்று. ஏழு வயதில் வலது காலடியில் இரண்டு விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தும் இடம் இருந்தது.

பெரிய டாக்டர் கட்டிலில் வைத்து வளைத்துப் பார்த்தார். "வீட்டில் எக்சர்சைஸ் செய்யுன்னுண்டோ?"

"செய்யுறேன் சார். தெனமும்."

அவர் தாளில் ஏதோ எழுதினார். நம்பவில்லை என்று எனக்குப் பட்டது. என் வீட்டுக்காரர் டாக்டர்களிடம் குரல் உயர்த்திப் பேசி நான் பார்த்ததில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"சாரே, அவ ஒரு தெவசம் விட்டதில்ல. நான் கண்ணால காணுறவன். சோறு வைக்க மறந்திருக்கா, இது மறந்ததில்ல."

டாக்டர் நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டினார். பிறகு நிதானமாக விளக்கினார். வலது காலில் தசைநாண் ஒரேயடியாகக் குட்டையாகிவிட்டது, ஆபரேஷன் செய்து அதை நீட்ட வேண்டும். அதன்பின் ஆறு வாரம் பிளாஸ்டர். இடது கால் இப்போதுதான் அந்த வழியில் போகிறது. அதையும் சேர்த்து வெட்டிவிடலாம், ஆனால் வெட்டிய நாண் கொஞ்சம் பலம் குறையும், இரண்டு காலும் பலம் குறைந்தால் பிள்ளை எதை ஊன்றுவாள். "வலத்தின் பிளாஸ்டர் எடுக்குன்ன ஆறு வாரம் வரை நோக்காம். அதற்குள் இடது தளர்ந்தால் தொடவேண்டா. இல்லெங்கில் அதும் செய்யணும்."

அப்படித்தான் அந்த ஆறு வாரம் எனக்கு வந்து சேர்ந்தது. நாலு வருஷம் செய்தும் ஏறின குதிகால் ஆறு வாரத்தில் எப்படி இறங்கும் என்று பஸ்ஸில் திரும்பும்போது மனதுக்குள் கேட்டுக்கொண்டே வந்தேன். கோமதி ஜன்னலோரத்தில் இருந்தாள். எங்களுக்குப் படகும் உண்டு, ஆனால் படகுத்துறைக்கும் படகுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அவளைத் தூக்கிக்கொண்டு தாண்ட எனக்குப் பயம். ஆகவே எப்போதும் பஸ்தான். கிளி கூப்பிடுகிற ஸ்டாப்புகளைக் கேட்டு அவளும் சொல்ல வாயெடுப்பாள். கேரளத்தில் பஸ் வாசலில் நிற்கிறவரைக் கிளி என்பார்கள். அவள் "தோப்..." என்று தொடங்கினால் நான் "தோப்பும்படி" என்று முடித்துவிடுவேன். பக்கத்தில் இருப்பவர்கள் அவள் வாயையே பார்ப்பது எனக்குப் பொறுக்காது. அவள் அப்பாதான் அவள் சொல்லிமுடிக்கும்வரை சும்மா இருப்பார்.

ஆசுபத்திரியில் சேர்ந்து நாலு நாள் காத்திருந்தோம். ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள், மயக்க மருந்து டாக்டர் வந்து பல் ஆடுகிறதா என்றுகூடப் பார்த்தார். இரண்டு தடவை நாள் வைத்து, அவசரக் கேஸ் வந்து தள்ளிப்போயிற்று. இரண்டு தடவையும் பிள்ளை காலையிலிருந்து பட்டினி கிடந்து, 'இன்னிக்கு இல்ல' என்று சொன்ன பிறகு கஞ்சி குடித்தாள். பத்துக் கட்டில் வார்டு அது. நோயாளியோடு இருப்பவரை பைஸ்டாண்டர் என்பார்கள். அதற்கு ஒரு பாஸ், கட்டிலுக்கடியில் பாய் விரிக்க இடம். நாலு மணிக்குப் பார்வையாளரை விடுவார்கள். இவர் ஓடை வேலை முடித்து, வீட்டில் ஒரு தடவையும் ஆசுபத்திரிக் குழாயில் ஒரு தடவையும் குளித்துவிட்டுத்தான் வார்டுக்குள் வருவார். கையில் தூக்குப்போணி. கப்பைக் கிழங்கும் மீன்குழம்பும் அவரே வைத்தது. உப்பு தூக்கலாக இருக்கும். இருந்தாலும் வழித்துச் சாப்பிடுவேன்.

பக்கத்துக் கட்டிலில் மட்டாஞ்சேரிக்காரி ஒருத்தி, ரஹ்மத். வீட்டில் தமிழ் பேசுகிற முஸ்லிம் குடும்பம், மார்க்கெட்டில் சாயாக்கடை. மகள் மாடிப்படியில் விழுந்து தொடை எலும்பு முறிந்து காலைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ரஹ்மத் ஒரு நிமிஷம் வாய் மூடமாட்டாள். வந்த முதல் நாளே என் ஊர், வேலை, சாக்குக்கு எத்தனை தையல் என்பதுவரை கேட்டுவிட்டாள்.

"அக்கா, நீங்க பேசுறதுக்கு ஏதும் கூலி கேட்டு வச்சிருக்கீங்களா? கட்டி இழுத்தாத்தான் வருது ஒவ்வொரு வார்த்தையும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறந்ததிலிருந்து நான் இப்படித்தான் என்றேன்.

ஐந்தாம் நாள் காலை கோமதியைப் பச்சை உடுப்பு மாட்டித் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். தியேட்டர் வாசலில் அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டு, "ம்மா... நான்... பஸ்ஸு..." என்றாள். நர்ஸ் காத்துக்கொண்டு நின்றார். நான் அவசரமாக, "பஸ்ஸுல எப்ப வீட்டுக்குப் போலாம்னு கேக்குறா சிஸ்டர்" என்றேன். "சீக்கிரம் போகாம் மோளே" என்று நர்ஸ் வண்டியைத் தள்ளினார். கோமதி தலையை இல்லை என்று ஆட்டியபடியே உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

இரண்டு மணி நேரம். இவர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். அவள் கேட்க வந்தது அது இல்லை என்பதுதான் என் தலையில் ஓடிக்கொண்டிருந்தது. ஆபரேஷனைப் பற்றிக்கூட நினைக்கவில்லை.

வெளியே கொண்டுவந்தபோது அதே நர்ஸ் சிரித்தார். "நிங்ஙளுடெ மோள் கொள்ளாமல்லோ. மயக்கான் போகும்போ பேடிச்சு கரையாதெ, பஸ் ஸ்டாப்பின்றெ பேரெல்லாம் பறஞ்சுகொண்டு கிடந்நு. தேவரா எத்தியப்போ உறங்கி." அழாமல் ஸ்டாப்புப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே கிடந்தவள், தேவரா வந்ததும் தூங்கிவிட்டாளாம். பயத்துக்கு அவள் வைத்திருந்த மருந்து அது. 'நான் பஸ்ஸு பேரு சொல்லட்டா' என்று என்னிடம் கேட்டிருக்கிறாள். நான்தான் வாயை அடைத்துவிட்டேன்.

முதல் இரண்டு நாள் வலி. பிளாஸ்டருக்குள் தசை துடிக்கும்போதெல்லாம் அலறுவாள், ஊசி போட்டால் அடங்குவாள். மூன்றாம் நாள் கஞ்சி கேட்டாள். அன்றே நான் இடது காலைத் தொடங்கினேன். சேலையை ஒரு பக்கம் திரைபோல இழுத்துப் பிடித்து, யாருக்கும் தெரியாமல் குதிகாலை ஏந்தி, வாய்க்குள் எண்ணினேன். பத்து தடவையும் முடித்து நிமிர்ந்தால் ரஹ்மத் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"என்னக்கா செஞ்சீங்க இப்ப?"

"எக்சர்சைஸ்."

"அதான் எண்ணுனீங்களே, எம்புட்டு வரை?"

"முப்பது. பத்து தடவ."

அவள் தன் மகளுக்கு உரித்துக்கொண்டிருந்த ஆரஞ்சைக் காட்டினாள். பாதிகூட உரியவில்லை. "இந்த ஒரு பழம் உரிக்கறதுக்குள்ள முந்நூறு எண்ணிட்டீங்களா? யாருக்கா வெரட்டுறா ஒங்கள? இது கால், சாக்கு இல்ல."

எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகுதான் நான் எண்ணும் விதம் எனக்கே உறைத்தது.

கிட்டங்கியில் சாக்கு எண்ணுவதற்கு ஒரு முறை உண்டு. அடுக்கின் ஓரத்தை விரலால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். ஒன்று, இரண்டு என்று வாய் முழுதாகச் சொல்லாது, உதடு மட்டும் அசையும். முப்பதுக்கு ஒரு மூச்சு. மூச்சு விட்டால் எண்ணிக்கை தப்பும், முதலிலிருந்து எண்ண வேண்டும். வேலையை மேற்பார்க்கும் மூப்பன் எல்லோர் முன்னிலும் சொல்வார், 'செண்பகம் எண்ணினால் நான் திரும்ப எண்ணமாட்டேன்' என்று. வாய் பேசாத எனக்கு அங்கே கிடைத்த ஒரே பெயர் அது. எண்ணுவது என்றால் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதில் வேகம் கூடாது என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

சற்று நேரத்தில் ஷைலா மேடம் வார்டுக்கு வந்தார். நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். ரஹ்மத் கேட்கவில்லை.

"மேடம், இந்த அக்கா எண்ணுறத ஒண்ணு கேட்டு நோக்குங்க."

மேடம் என் முன்னால் வந்து நின்றார். "செய்து காணிக்கு."

"வீட்டுல..." என்று தொடங்கினேன்.

"வீடு இவிடெத்தான் இப்போள்" என்றார்.

பத்துக் கட்டிலும் பார்த்துக்கொண்டிருந்தது. நான் குனிந்து குதிகாலை ஏந்தினேன். பாதத்தைத் தள்ளினேன். முப்பது எண்ணிக் கையை எடுத்தேன். மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஐந்து செகண்ட்" என்றார். "எப்போவும் இங்ஙனேயோ?"

"ஆமா."

"நாலு வருஷம்?"

நான் தலையை ஆட்டினேன். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். கோமதியின் இடது காலைத் தடவிக்கொண்டே சொன்னார். "இது என்றெ தெற்றும் கூடியாணு செண்பகம். முப்பது செகண்ட் என்று ஞான் பறயணமாயிருந்நு. நீ செய்து காணிச்சிட்டு மாத்ரமே விடணமாயிருந்நு."

முப்பது செகண்ட் என்று சொல்லாததும், செய்யவைத்துப் பார்க்காததும் தன் தப்பு என்றார். பிறகு விளக்கினார். இறுகிய தசையை இழுத்தால் அது உடனே நம்மோடு மல்லுக்கு நிற்கும். இன்னும் இறுகும். முதல் பத்துப் பதினைந்து செகண்ட் அந்த மல்லுதான். நாம் விடாமல், வலிக்கவும் விடாமல், ஒரே அழுத்தத்தில் பிடித்துக்கொண்டிருந்தால் அதற்குப் பிறகுதான் அது கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அந்த விட்டுக்கொடுக்கிற நேரம்தான் எக்சர்சைஸ். நான் நாலு வருஷமாக, தினம் நாற்பது தடவை, மல்லுக்கட்டு நடக்கும்போதே கையை எடுத்திருக்கிறேன்.

சரியாகச் செய்திருந்தால் வலது காலுக்கு ஆபரேஷன் வேண்டியிருந்திருக்காதா என்று கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார். சரியாகச் செய்த பிள்ளைகளுக்கும் ஆபரேஷன் தேவைப்பட்டதுண்டாம். என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை என்றுதான் தோன்றியது.

அன்று நாலு மணிக்கு இவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கட்டிலில் வைத்தார். அதிலும் ஒரு கஷ்டம். இரண்டு கையும் காலில் இருக்கும்போது கண்ணைக் கடிகாரத்தில் வைத்தால் முழங்கால் மடங்கிவிடும். காலைப் பார்த்தால் வாய் தானாக எண்ணத் தொடங்கும். பத்துவரை நிதானமாகப் போவேன். அதற்குமேல் சாக்கு வந்துவிடும்.

"கேட்டீங்களா, பதினொண்ணுல கியர மாத்திட்டாங்க" என்றாள் ரஹ்மத். இவரும் சிரித்துவிட்டார்.

அப்போது கோமதி, "ம்மா... நான்..." என்றாள்.

என் வாய் திறந்தது. தியேட்டர் கதவு நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டேன். வார்டில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தெரியாது.

"நான்... சொல்றேன்... ஸ்டாப்பு."

குதிகாலை ஏந்திப் பாதத்தை மேலே தள்ளினேன். அவள் தொடங்கினாள். "மட்... டாஞ்... சேரி." உதட்டைச் சேர்ப்பதற்கே ஒரு நேரம். "சுள்... ளிக்... கல்." தசை என் கையை எதிர்த்துத் தள்ளியது. "தோப்... பும்... படி." இன்னும் தள்ளியது. "வாத்... துருத்தி." அவள் மூச்சு வாங்கினாள். அந்த இடத்தில்தான் உள்ளங்கையில் அதை முதல்முதலாக உணர்ந்தேன். எதிர்ப்பு அடங்கி, குதிகால் லேசாகக் கீழே இறங்கியது. நாலு வருஷம் நான் தொட்டும் எனக்குத் தெரியாமலிருந்த ஒன்று. "தே... வரா. பள்... ளி... முக்கு. சவுத்து."

கடிகாரம் இவர் கையில் இருந்தது. "முப்பத்தி நாலு" என்றார்.

மறுநாள் கேட்டுவிட்டு ஷைலா மேடம், "இனி அம்மா எண்ணண்டா. மோள் பறயட்டே" என்றார். அதற்குப் பிறகு நான் எண்ணவே இல்லை.

பிளாஸ்டரோடு வீட்டுக்கு வந்தோம். ராத்திரியில் இடது காலை நேராக வைத்திருக்க ஒரு பிளாஸ்டிக் பட்டை கொடுத்தார்கள். அதைப் போட்டே தூங்கினாள். காலையில் பத்து தடவை மட்டாஞ்சேரியிலிருந்து சவுத்துவரை, மாலையில் பத்து தடவை. நான் கிட்டங்கிக்கு அரைமணி தாமதமாகப் போனேன். மூப்பனிடம் காரணம் சொல்ல ஒரு வாரம் ஆயிற்று. சொன்னதும், "இத சொல்லவா ஒரு வாரம்" என்று அவர் தலையில் கைவைத்தார். கோமதி சில நாள் குறும்பாக, தோப்பும்படியில் பஸ் கேடாகிவிட்டது என்று நிறுத்திக்கொள்வாள். நான் பிடித்தபடியே காத்திருப்பேன். கை மரத்துப்போகும். அவள் சொல்லாமல் பஸ் நகராது.

ஆறாவது வாரம் பிளாஸ்டரை வெட்டினார்கள். வலது கால் மெலிந்து, தோல் உரிந்து, பாதம் மட்டும் சரியான கோணத்தில் இருந்தது. டாக்டர் அதை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு இடது காலைக் கையில் எடுத்தார். முழங்காலை அழுத்தி, பாதத்தை மேலே தள்ளினார். தள்ளிக்கொண்டே இருந்தார். செங்கோணம் வந்தது. அதைத் தாண்டியும் கொஞ்சம் போயிற்று. பழைய தாளைப் புரட்டிப் பார்த்தார், மறுபடியும் தள்ளிப் பார்த்தார்.

"இது வேண்டா" என்றார். "இப்போள் வேண்டா. வளருந்தோறும் நோக்கணும். நிர்த்தருது."

நிறுத்தவில்லை. கோமதி எட்டு வயதில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். வலது காலில் பட்டை போட்ட செருப்பு, ஒரு கையில் ஊன்றுகோல். இன்றும் வேகமாக நடந்தால் கால் பின்னும், களைத்தால் நுனிக்கால் வரும். மூளைவாதம் போய்விடவில்லை, போகாது. அதோடு இருந்துகொண்டே நடக்கிறாள், அவ்வளவுதான். இந்த வருஷம் ஒன்பதாம் வகுப்பு. மலையாளம் நன்றாக எழுதுவாள், தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். இதை எழுதும்போது எட்டிப்பார்த்து, ரஹ்மத்து சித்தி பேசினதில் பாதியை விட்டுவிட்டேன் என்று சொன்னாள்.

இதை வாசிக்கிற தாய்மாருக்கு நான் சொல்ல நினைப்பது சின்ன விஷயம்தான். 'மனசிலாச்சு' என்று சொல்லிவிட்டு எழுந்து வராதீர்கள். எத்தனை பேர் இருந்தாலும், அந்தப் பாயில் உட்கார்ந்து, உங்கள் கையால் செய்து, சொல்லித்தருபவரைப் பார்க்கவிடுங்கள். எனக்கு அந்தக் கூச்சம் இன்னும் போகவில்லை. ஆனாலும் போன வாரம் வாத்துருத்தியிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண்ணின் குழந்தைக்கு நான்தான் அந்தப் பாயில் உட்கார்ந்து காட்டினேன். கை என்னுடையது, குரல் கோமதியுடையது.

வயது கூடக் கூட நேரமும் கூட்டச் சொல்லியிருக்கிறார்கள். அவள் பேச்சும் கொஞ்சம் தெளிந்து வேகமாகிவிட்டது. அதனால் சவுத்தோடு நிற்பதில்லை. கச்சேரிப்படி, கலூர், பாலாரிவட்டம் என்று பஸ் நீண்டுகொண்டே போய் இப்போது கடைசி ஸ்டாப் இடப்பள்ளி. இன்று காலையில் இடது காலைப் பிடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் பால்காரர் கூப்பிட்டார், அடுப்பில் சோறு பொங்கியது. கோமதி கலூரில் நின்று என் முகத்தைப் பார்த்தாள். நான் கையை எடுக்கவில்லை.

"சொல்லு" என்றேன்.